ப்ளூஸில் இரண்டு ரயில்கள்

புக்கா வைட் 1930இல் மெம்ஃபிஸில் பதிவு செய்த 'தி பனாமா லிமிடெட்' ஒரு பக்கம். ராபர்ட் ஜான்சன் 1937இல் டல்லாஸில் பாடிய 'லவ் இன் வெய்ன்' இன்னொரு பக்கம். இருவருமே ப்ளூஸ் பாடகர்கள், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டுக்காரர்கள்; இருவருமே மிசிசிப்பிக்காரர்கள். இரண்டிலும் ரயில் உண்டு. வந்து சேரும் விதம்தான் வேறு.

வைட் ரயிலைக் கிட்டாரிலேயே ஓட்டிவிடுகிறார். சிகாகோவுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே நிஜமாகவே ஓடிய வண்டி அது. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் விடாமல் அடிக்க, சக்கரம் உருளுகிறது. ஸ்லைடு, அதாவது கம்பிமேல் வழுக்கவிடும் சின்னக் குழாய், மெல்லிய கம்பியில் ஏறி இறங்கினால் விசில். சுரங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியிலும் ஸ்லைடு நிற்கும் என்பதால்தான் அந்த ஊளை அசலாக இருக்கிறது. விரலால் மட்டும் அழுத்தி வாசித்தால் இது வராது. நடுநடுவே பேச்சு வேறு. கொஞ்சம் வித்தை காட்டுகிறார் என்று சொல்லலாம், சரி, ஆனால் நல்ல வித்தை.

ஜான்சனிடம் விசிலே இல்லை. ஸ்லைடும் இல்லை, கிட்டார் அடக்கமாகப் பின்னால் வருகிறது. பாட்டில் வரும் காதலன் கையில் பெட்டியோடு காதலியை வழியனுப்பப் போகிறான். வண்டி கிளம்பியதும் பின்னால் இரண்டு விளக்குகள், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. நீலம் அவன் துயரம், சிவப்பு அவன் மனம். கடைசிச் சரணத்தில் சொல்லும் தீர்ந்துபோய் முனகலும் ஒரு பெண்ணின் பெயரும்தான் மிச்சம்.

கிட்டார் பழகுபவர்கள் வைட்டிடம் போகலாம். பாட்டு எழுத நினைப்பவர்களுக்கு என் ஓட்டு ஜான்சனுக்கே.