எஃகா, செராமிக்கா? மலிவு விலைக் கவசத் தகடுகள்

அமெரிக்காவில் சொந்தப் பணத்தில் மார்புக் கவசம் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது ஏஆர்500 எனும் கடினப்படுத்திய எஃகுத் தகட்டைத்தான். விலை குறைவு. சுமார் 6 மி.மீ. தடிமன் என்பதால் சட்டைக்குள் அடங்கும். கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாது.

சிக்கல் குண்டு பட்ட பிறகுதான். எஃகு நெகிழாது, ஈயமும் செம்பு உறையும் சிதறித் தகட்டின் பரப்பை ஒட்டியே நாலாபக்கமும் பறக்கும். மேல்நோக்கிப் போவது தாடைக்கும் கழுத்துக்கும், பக்கவாட்டில் போவது கைகளுக்கும். இதற்காகவே பாலியூரியா என்ற ரப்பர் போன்ற பூச்சு அடிக்கிறார்கள். முதல் ஓரிரு குண்டுகளின் சிதறலை அது பிடித்துவைக்கும். அதே இடத்தில் மறுபடி பட்டால் பூச்சு கிழிந்துவிடும். போதாக்குறைக்கு, வேகமாக வரும் 5.56 மி.மீ. எம்193 ரைஃபிள் குண்டு கிட்டத்தில் சுட்டால் எஃகையே துளைத்துவிடக்கூடும்.

செராமிக் வேறு மாதிரி. தான் நொறுங்கிக் குண்டையும் உடைக்கும். துண்டுகளைப் பின்னாலுள்ள பாலிஎத்திலீன் அல்லது அராமிட் எனும் வலுவான இழை அடுக்கு வாங்கிக்கொள்ளும். சிதறல் தொல்லை மிகக் குறைவு. ஆனால் தடிமன் அதிகம், விலையும் கூடுதல். கீழே விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். மலிவான அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) வகை எடையில் எஃகுக்குப் பெரிதாகச் சளைத்ததல்ல, மூன்று கிலோவுக்கு மேல்தான்.

என் ஓட்டு செராமிக்குக்கே. ஆனால் விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாமல், கவசங்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான என்ஐஜே சான்றளித்த பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். 'என்ஐஜே தரத்துக்கு ஏற்பச் சோதிக்கப்பட்டது' என்பது சான்றிதழ் ஆகாது.