மதுரையில் மாமியார் வீடு, மட்டக்களப்பில் மனைவி வீடு

மதுரைக்காரியான எனக்கு இலங்கையின் மட்டக்களப்பில் பெரிய வியப்பு, கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவதுதான். எங்கள் ஊரில் பெண்தான் பெட்டி படுக்கையோடு போவாள்.

இங்கே குடி, அதாவது குலம், தாய்வழியில் வருகிறது. வீடு சீதனமாக மகள் பேரில் எழுதப்படுகிறது. காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் இதே வழக்கம். சண்டை வந்தால் இதன் அருமை தெரியும். மதுரையில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் பஸ் ஏறுபவள் மனைவி. இங்கே அவள் தன் அடுப்படியிலேயே நிற்கிறாள். கூப்பிடு தூரத்தில் அம்மா, அக்கா, பெரியம்மா. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புபவர் கணவர்தான். அவளுக்கு இது பெரிய பலம்.

சரி, அந்த வீட்டை யார் கட்டுவது? மகளுக்கோ தங்கைக்கோ வீடு கட்ட வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இந்தப் பக்கம் நிறைய. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று 1989இலேயே சட்டம் வந்தது. ஆனாலும் அண்ணன் முகம் கோணுமே என்று பங்கு கேட்காமல் விடும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காதல் என்று வந்தால் இரண்டு ஊரும் ஒன்றுதான்: மகளுக்கு ஒரு கண்டிப்பு, மகனுக்கு ஒரு சலுகை. என்றாலும் என் மகளுக்கு மட்டக்களப்பு முறையைத்தான் விரும்புவேன், சீதனப் பேரம் மட்டும் வேண்டாம்.