சிங்கப்பூரில் நுழைவுச்சீட்டு இல்லாத இடங்கள்: பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு மதிப்பீடு

பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் ஏற்பாட்டில்தான் செல்கின்றன. அந்த ஏற்பாடுகளின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால், யூனிவர்சல் ஸ்டூடியோஸ், விலங்குத் தோட்டம், கேபிள் கார், மெரினா பே சாண்ட்ஸ் மொட்டைமாடி என எல்லாமே சீட்டு வாங்கிப் பார்க்கும் இடங்களாக இருக்கும். என் மனைவியுடனும் தாயாருடனும் நான் சென்றபோது, அந்த நிரலை ஒதுக்கிவிட்டு, கட்டணமே இல்லாத இடங்களையும் மிகக் குறைந்த செலவில் முடியும் இடங்களையும் முதன்மையாக வைத்துத் திட்டமிட்டோம். அவை ஊர்மக்களின் அன்றாடப் பயன்பாட்டுக்காகப் பெரும் பொருட்செலவில் அமைத்துப் பராமரிக்கப்படுபவை. ஆகையால், சீட்டு வாங்கிப் பார்க்கும் பல இடங்களைவிட அவையே மேல் என்பது என் துணிபு.

முதலிடம் தாவரவியல் பூங்காவுக்கு. 1859இல் தொடங்கப்பட்டு, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த இந்தப் பூங்கா, காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை எவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. லால்பாக்கை நேசிப்பவர்கள் இதற்கென ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்க வேண்டும். நேப்பியர் எம்.ஆர்.டி. (நகர ரயில்) நிலையத்தில் இறங்கி, தாங்லின் வாயில் பக்கமாக நுழைந்து, மறுகோடியில் உள்ள பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்தில் ரயிலேறினால், வந்த வழியே திரும்பி நடக்க வேண்டியதில்லை. தாங்லின் பக்கத்துப் புல்வெளியில் முதிர்ந்த தெம்புசு மரம் ஒன்று நிற்கிறது; அதன் தாழ்ந்த கிளை ஒன்று தரைக்கு இணையாக நெடுந்தொலைவு நீண்டு, பிறகு மேல்நோக்கி வளைகிறது. சிங்கப்பூரின் 5 வெள்ளி (அந்நாட்டு டாலர்) தாளின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருப்பது இதே மரம்தான். என் தாயார் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி, கிளையின் வளைவையும் படத்தின் வளைவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இந்தப் பூங்காவுக்கும் தமிழர் வரலாற்றுக்கும் உள்ள தொடர்பைப் பலர் அறிவதில்லை. 1877இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர்க் கன்றுகள் இங்கு வந்து சேர்ந்தன. 1888இல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்துக்குக் கேடு நேராமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் வகுத்தார். தோட்ட முதலாளிகளைத் தேடிச் சென்று ரப்பர் பயிரிடச் சொல்லி ஓயாமல் வற்புறுத்தினார். பின்னாளில் மலாயாவெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பரவியபோது, பால் வெட்டும் வேலைக்காகக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்த எளிய மக்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் அந்தப் பூங்கா வேறு விதமாகத் தெரியும். உள்ளேயிருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் வெளிநாட்டவருக்கு 15 வெள்ளி கட்டணம் உண்டு. பூக்களில் ஈடுபாடு உள்ளவர்கள் தயங்காமல் செலுத்தலாம். மற்றவர்களுக்கு வெளியே உள்ள இஞ்சித் தோட்டமும், நகரம் உருவாவதற்கு முன்பிருந்தே எஞ்சியுள்ள மழைக்காட்டுத் துண்டும் போதும்.

அடுத்து நான் உயர்வாக மதிப்பது சைனாடவுன் பகுதியில் உள்ள சவுத் பிரிட்ஜ் சாலையை. ஒரே சாலையில், சில நிமிட நடையில், மூன்று வழிபாட்டுத் தலங்கள் அமைந்துள்ளன. ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் நாராயண பிள்ளை முன்னின்று நிறுவியது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுவே. நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலையில்தான் மீண்டும் திறக்கும் என்பதால் காலையிலேயே சென்றுவிட வேண்டும். அதன் அருகிலேயே, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826இல் தோற்றுவித்த ஜாமியா சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. சற்றுத் தள்ளி, 2007இல் திறக்கப்பட்ட புத்தர் பல் ஆலயம். இதன் மாடித் தோட்டத்தில் ஒரு பெரிய பிரார்த்தனைச் சக்கரம் உள்ளது. மூன்றிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. தோளும் முழங்காலும் மூடிய உடை அணிந்திருந்தால் போதும்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள தெலுக் ஆயர் தெருவையும் விட்டுவிடக் கூடாது. இன்று உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் இத்தெரு, கடல் தூர்க்கப்படுவதற்கு முன்பு கரையோரமாக இருந்தது. பிழைப்புத் தேடிக் கப்பலில் வந்திறங்கிய தமிழ் முஸ்லிம்கள், உயிரோடு கரை சேர்ந்த நன்றிக்காக 1828க்கும் 1830க்கும் இடையே இங்கே நாகூர் தர்கா ஒன்றைக் கட்டினார்கள். அதே நன்றியுணர்வோடு சீனர்கள் கடல் தெய்வத்துக்கு எழுப்பிய தியான் ஹொக் கெங் ஆலயமும் அதே தெருவில்தான் நிற்கிறது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்கும்போது கிடைக்கும் வரலாற்று அறிவை எந்தக் கட்டண அரங்கமும் எனக்குத் தந்ததில்லை.

மாலைப் பொழுதுக்கு மெரினா பே. கார்டன்ஸ் பை த பே வளாகத்தில் கண்ணாடிக் கூடங்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே கட்டணம். 2012இல் திறக்கப்பட்ட அதன் வெளித்தோட்டங்கள் அனைவருக்கும் இலவசம். 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் செயற்கைப் பெருமரங்களின் கீழே ஒவ்வொரு நாளும் இரவு 7.45க்கும் 8.45க்கும் இசையோடு ஒளிக்காட்சி நடக்கிறது. ஊர்மக்கள் செய்வதுபோல் தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதே சரியான முறை. நின்றுகொண்டு பார்த்தால் கழுத்து வலிக்கும். முதல் காட்சி முடிந்ததும் நடந்து சென்றால், மெரினா பே சாண்ட்ஸ் முன்றிலில் 9 மணிக்கு நடக்கும் ஸ்பெக்ட்ரா நீரூற்றுக் காட்சிக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம். இரண்டில் பெருமரங்களின் ஒளிக்காட்சிதான் சிறந்தது என்பேன். எதிர்க்கரையில் உள்ள எஸ்பிளனேடு கலையரங்கின் வெளிமேடையில் இலவச இசை நிகழ்ச்சிகள் அடிக்கடி நடக்கின்றன. அதன் மொட்டைமாடியிலிருந்து விரிகுடா முழுவதையும் காசு கொடுக்காமலேயே காணலாம். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையைப் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

நடையில் விருப்பமுள்ளவர்களுக்கு ஹார்பர்ஃபிரன்ட் நிலையத்திலிருந்து ஃபேபர் மலை வழியாகச் செல்லும் சதர்ன் ரிட்ஜஸ் பாதையைப் பரிந்துரைக்கிறேன். அதில் உள்ள ஹென்டர்சன் வேவ்ஸ் பாலம் சாலையிலிருந்து 36 மீட்டர் உயரத்தில், அலை எழுந்து விழுவதுபோன்ற மரத்தளத்தோடு 274 மீட்டர் நீள்கிறது. தொடக்கத்தில் படிகள் அதிகம் என்பதால், முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம்.

உணவுக்கு லிட்டில் இந்தியா நிலையத்தை ஒட்டிய தேக்கா உணவங்காடி நிலையமே எங்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது. தோசை, பிரியாணி, சப்பாத்தி என எல்லாமே உணவகங்களைவிடக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. தனித்த சைவக் கடைகளும் உண்டு. சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது. அதை உரிய அடுக்கில் கொண்டுபோய் வைப்பது 2021 முதல் கட்டாயம். ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் அடுக்குகள் தனித்தனியே இருப்பதைக் கவனித்து வையுங்கள். குழாய் நீர் எங்கும் குடிக்கத் தகுந்தது என்பதால், ஆளுக்கொரு புட்டி எடுத்துச் சென்றால் தண்ணீருக்குச் செலவே இல்லை.

வெயில் உச்சியில் இருக்கும் நேரத்துக்கு விக்டோரியா தெருவில் உள்ள தேசிய நூலகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பதினாறு மாடிகள் கொண்ட அந்தக் கட்டடத்தில் உறுப்பினர் அல்லாதவர்களும் அமர்ந்து படிக்கலாம். தமிழ் நூல்களுக்கெனத் தனி அடுக்குகள் உள்ளன. பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போய்வரும் வழக்கமுடைய என் மனைவி, சிங்கப்பூர் எழுத்தாளர்களின் சிறுகதைத் தொகுப்புகளை அங்கேதான் முதன்முதலில் கண்டார். அவரை எழுப்பி அழைத்து வருவது எளிதாக இருக்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெங்களூர்த் தட்பவெப்பத்துக்குப் பழகிய உடலுக்கு அந்த ஊரின் புழுக்கம் கடுமையானது. மழையும் முன்னறிவிப்பின்றிக் கொட்டும். ஒளிக்காட்சி முடிந்ததும் பேஃபிரன்ட் நிலையத்தில் நெரிசல் மிகுதி. தங்கும் செலவைக் குறைக்க எளிய வழி எதுவுமில்லை. நுழைவுச்சீட்டில் மிச்சமாகும் பணம் அங்கே போய்விடும். சவாரிகளுக்காகவே வரத் துடிக்கும் சிறுவர்களுக்கும் இந்தத் திட்டம் ஏற்றதல்ல.

பேருந்திலும் ரயிலிலும் வங்கி அட்டையைத் தொட்டே பயணிக்கலாம். ஆனால் நம் ஊர் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொடுகைப் பரிவர்த்தனையும் முடக்கப்பட்டிருக்கும் என்பதால், புறப்படும் முன்பே வங்கிச் செயலியில் அவற்றைத் திறந்துகொள்ள வேண்டும். விசாவுக்குக் கட்டணம் உண்டு. ஆனால், வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளங்களை மூடிவிட்டு, குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் தளத்தில் நீங்களே நேரடியாகப் பதிவு செய்யுங்கள்.