ஜனவரி ரஷ்: ஹீல்ஸா பூட்ஸா, கவுனா பேன்ட்டா?

போன வாரம் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் பதினோரு படம் அனுப்பியிருந்தாள். எல்லாமே உடைகள். "அக்கா, ரஷ்ஷுக்கு இதுல எது நல்லா இருக்கும்?" ரஷ் என்றால் அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவியர் சங்கங்களில் சேர்வதற்கான சந்திப்புச் சுற்றுகள். படங்களில் பாதிக்கு மேல் அலபாமா பல்கலைக்கழகப் பெண்களின் டிக்டாக் வீடியோக்களிலிருந்து எடுத்தவை. கையில்லாத பூப்போட்ட கவுன், வெறுங்கால், உயரமான திறந்த செருப்பு. அழகுதான். ஆனால் அலபாமாவில் ரஷ் ஆகஸ்ட் வெயிலில் நடக்கிறது. இவள் படிப்பது அமெரிக்காவின் மத்திய மேற்கில். இவளுக்கு ரஷ் ஜனவரியில்.

நான் படித்த இடத்திலும் ஜனவரிதான். முதல் வருஷம் சேரப் போகிறவளாகச் சங்கங்களின் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இரண்டு வருஷம் கழித்து அதே தெருக்களில் ரோ காமாவாக நடந்தேன். ரோ காமா என்பவள், தன் சங்கத்தின் பெயரை அந்த நாட்களில் யாரிடமும் சொல்லாமல், சேர வரும் பெண்களுக்குத் துணையாக வருகிற சீனியர். அவளுடைய பையில் சேஃப்டி பின், டிஷ்யூ, பேண்ட்எய்ட் எல்லாம் இருக்கும். எந்த உடை தாங்கியது, எது காலை வாரியது என்று அந்தப் பையை வைத்துக்கொண்டுதான் கற்றுக்கொண்டேன். சித்தி மகளுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். குளிர் ஊரில் படிக்கும் மகளோ தங்கையோ உள்ளவர்களுக்கு உதவும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: சோரோரிட்டி என்பது கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவியர் சங்கம். பெரும்பாலும் அதற்கென்று ஒரு வீடு இருக்கும். 1902இல் உருவான நேஷனல் பேன்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் கூட்டமைப்பில் 26 சங்கங்கள் இருக்கின்றன. இவற்றில் சேரத்தான் இந்த ரஷ். முதல் பருவத்தில் பிள்ளைகள் படிப்போடு பழகிக்கொள்ளட்டும் என்று கார்னெல், வர்ஜீனியா, வாண்டர்பில்ட் போன்ற பல்கலைக்கழகங்களில் இதை ஜனவரிக்குத் தள்ளிவைக்கிறார்கள். ஊர் எது என்பதைப் பொறுத்துத்தான் உடை. வாண்டர்பில்ட் இருக்கும் நாஷ்வில்லில் ஒரு நல்ல கோட் போதும். கார்னெல் இருக்கும் இத்தாகாவிலோ ஜனவரியில் பகல் வெப்பமே பூஜ்ய டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். பனியும் ஏறுமேட்டுச் சரிவும் சேர்ந்து படுத்தும்.

ரஷ் என்றாலே அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் கோடைக் கவுன் என்று இப்போது ஆகிவிட்டது. ஆனால் மாணவியர் சங்கத்துக்கு 'சோரோரிட்டி' என்ற பெயர் வந்ததே சிராக்யூஸ் நகரத்தில்தான். 1874இல் அங்கே தொடங்கிய காமா ஃபை பீட்டாவுக்காக ஒரு லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. அமெரிக்காவில் பனி மிக அதிகமாகக் கொட்டும் நகரங்களில் சிராக்யூஸும் ஒன்று. பனிக்கேற்ற உடையில் ரஷ்ஷுக்குப் போனால் குறைவாகத் தெரியுமோ என்று யாரும் கூச வேண்டியதில்லை.

உடைகளை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வாசல். வெளியே மைனஸ் எட்டு டிகிரியில் வரிசையில் நிற்கிறோம். கதவு திறக்கிறது. உள்ளே பாட்டு, கைதட்டல், ஒரு பெண் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். ஹீட்டர் முழு வீச்சில் ஓடும் கூடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இருபது நிமிடத்தில் மறுபடி பனிக்குள். டிசம்பர் பனியில் நடுங்கிக்கொண்டே போய் அக்னி நட்சத்திரத்துக்குள் நுழைவது போலத்தான், அதுவும் ஒரு நாளில் பல தடவை. இந்த இரண்டு பருவத்தையும் தாங்கி, வாசலில் அரை நிமிடத்துக்குள் சரிசெய்துகொள்ள முடிகிற உடைக்குத்தான் என் ஓட்டு.

முதலில் கால். எல்லாரும் கவுனில் தொடங்குவார்கள், நான் செருப்பில்தான் தொடங்குவேன். போட்டியில் மூன்று இருக்கின்றன: ஹீல்ஸ் மட்டும், கணுக்கால் வரை வரும் பூட்ஸ், முழு ஸ்னோ பூட்ஸோடு பையில் ஒரு மாற்றுச் செருப்பு.

ஹீல்ஸ் மட்டும் போட்டுப் போவது நடக்காத காரியம். நடைபாதையில் பனி உருக உப்புக்கல் தூவியிருப்பார்கள். உருகிய சேறு மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி கிடக்கும். கூர்மையான ஹீலுக்கு அதில் பிடிமானமே கிடையாது. விழுவது ஒரு பக்கம் இருக்கட்டும், கணுக்காலைச் சுற்றி வார் கட்டுகிற செருப்பு வேறு ஒரு வம்பு. நான் ரோ காமாவாக இருந்தபோது ஒரு பெண் அந்த மாதிரி செருப்பைப் பையில் கொண்டுவந்திருந்தாள். கதவு திறக்க ஒரு நிமிடம் இருக்கும்போது பூட்ஸைக் கழற்றி இதைப் போட்டாள். விரல் மரத்துப்போய், அந்தக் குட்டி பக்கிளின் ஓட்டைக்குள் ஊசி போகவே இல்லை. கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வரிசை நகரத் தொடங்குகிறது. பனியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து நான்தான் மாட்டிவிட்டேன். என் விரலும் மரத்துத்தான் இருந்தது. இரண்டாவது காலுக்கு மாட்டவே இல்லை, வாரை உள்ளே மடித்துச் செருகி அனுப்பினேன். உள்ளே அவள் என்ன பேசினாளோ, அவள் கவனம் முழுக்க அந்தக் காலில்தான் இருந்திருக்கும். அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்வது இதுதான்: குளிர்கால ரஷ்ஷுக்கு பக்கிள் வைத்த எதையும் வாங்காதீர்கள். காலை நுழைத்தால் போதும் என்கிற செருப்புதான் வேண்டும்.

கணுக்கால் பூட்ஸா, ஸ்னோ பூட்ஸும் மாற்றுச் செருப்புமா என்பதில் என் பதில் சுற்றுக்குச் சுற்று மாறும். முதல் சுற்றில் எல்லா வீடுகளுக்கும் போக வேண்டும். எங்கள் வளாகத்தில் ஒரே நாளில் பத்து வீடு, நடுவில் பத்து நிமிட இடைவெளி. பத்து தடவை செருப்பு மாற்ற யாராலும் முடியாது. அங்கே தட்டையான அடிப்பாகமும் அதில் வழுக்காதபடி நல்ல பள்ளங்களும் உள்ள கணுக்கால் பூட்ஸ்தான் சரி. தோலாக இருக்கட்டும், சூயட் வேண்டாம். உப்புத் தண்ணீர் காய்ந்தால் சூயட்டில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். தோலில் விழுந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்தால் போய்விடுகிறது. கடைசிச் சுற்றான பிரெஃபரன்ஸில் அதிகபட்சம் இரண்டு வீடுதான். அன்றைக்கு ஸ்னோ பூட்ஸ் போட்டு நடந்து, வாசலில் கட்டையான ஹீல் வைத்த, காலை நுழைத்தாலே போதுமான பம்ப்ஸுக்கு மாறலாம். பூட்ஸைப் போட்டுவைக்க ஒரு துணிப்பை கையில் இருக்கட்டும்.

அடுத்தது கவுனா, பேன்ட்டா. பேன்ட்டில் குளிர் குறைவு, உள்ளே தெர்மல் போட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் இப்போது எல்லாரும் விரும்பும் அகலக் கால் பேன்ட் பனிச்சேற்றைப் பெருக்கிக்கொண்டே வரும். மூன்றாவது வீட்டுக்குள் போகும்போது கணுக்காலில் ஈரத்துணி ஒட்டும். நேரான, கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கிற பேன்ட் என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு சுற்றுக்கு இதுதான் என் தேர்வு. பல இடங்களில் அந்தச் சுற்றுகளுக்கு வளாகத்துப் பேன்ஹெலனிக் அமைப்பே ஒரு டிஷர்ட் கொடுத்துவிடுகிறது. அப்போது ஜீன்ஸும் உள்ளே ஒரு முழுக்கை தெர்மலும் இருந்தால் வேலை முடிந்தது.

அடுத்து வரும் சிஸ்டர்ஹுட் சுற்றுக்கும் பிரெஃபரன்ஸுக்கும் கவுன் அழகு. உள்பக்கம் பஞ்சுபோல் இருக்கும் ஃபிளீஸ் டைட்ஸ் போட்டால் குளிரும் தாங்கலாம். இதில் நம் பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெறுங்கால் போலவே தெரியும் என்று விற்கிற 'தோல் நிற' ஃபிளீஸ் டைட்ஸ் பெரும்பாலும் வெளிர் தோலை மனத்தில் வைத்துச் செய்தவை. மாநிறக் காலில் சாம்பல் பூசினாற்போல் தெரியும். நான் ஏமாந்து ஒரு ஜோடி வாங்கி, ஒரு தடவைகூடப் போடவில்லை. கறுப்பு டைட்ஸ் எடுங்கள், எந்த நிறக் கவுனுக்கும் பொருந்தும். ஹீட்டர் போட்ட காற்று வறண்டிருப்பதால் பாலியஸ்டர் கவுன் டைட்ஸில் மின்சாரம் பிடித்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடுகிற டிரையர் ஷீட் ஒன்றை எடுத்து உள்பக்கம் தேய்த்தால் சரியாகிவிடும். கவுன் நீளத்தை நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். தாழ்வான சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்ததும் கை தானாக ஓரத்தை இழுக்கிறது என்றால் அந்தக் கவுன் வேண்டாம்.

மேலே என்ன போடுவது? கழுத்து மூடிய கம்பளி டர்டில்நெக் படத்தில் அருமையாக இருக்கும். கூடத்துக்குள் போன ஐந்தாவது நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும், கழற்றவும் முடியாது. மெல்லிய பிளவுஸ், அதன் மேல் முன்பக்கம் திறக்கிற கார்டிகன் என்றால் வாசலிலேயே பொத்தானை விடுவித்துக்கொள்ளலாம். சாம்பல் நிறம் வேண்டாம், வியர்வை அப்படியே தெரியும். கண்ணாடி போடுகிறவர்கள் உள்ளே போனதும் கண்ணாடி மூடுபனி பிடிக்கும் என்று தெரிந்தே போங்கள். சிரித்துக்கொண்டே துடைக்கலாம், பேச்சைத் தொடங்க அதுவே ஒரு சாக்கு.

கோட்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பஃபர் ஜாக்கெட்டோ நீளக் கம்பளிக் கோட்டோ, எங்கள் வளாகத்தில் இரண்டுமே வீட்டுக்குள் போகவில்லை, வாசலோரக் குவியலில்தான் கிடந்தன. அதனால் வெப்பம் தருகிற பஃபரே போதும். ஆனால் குவியலில் கறுப்பு பஃபர்தான் நூறு இருக்கும். நான் ஜிப்பில் ஊதா ரிப்பன் ஒன்றைக் கட்டியிருந்தேன். பக்கத்தில் நின்றவள் மூன்று ஜாக்கெட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நான் அடுத்த வீட்டு வரிசையில் நின்றுவிட்டேன்.

சித்தி தனியாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: "நம்ம பட்டுப் பாவாடை, புடவை எதாவது கட்டலாமாடி? வித்தியாசமா இருக்குமே." சித்தியின் ஆசை எனக்குப் புரிகிறது, எனக்கும் அந்த ஆசை இருந்தது. பட்டு மட்டும் வேண்டாம் சித்தி. உப்புச்சேறு கரையில் பட்டால் ஜரிகையின் கதி என்ன ஆகும்? ஆனால் பிரெஃபரன்ஸுக்கு முந்தைய சுற்றில் முழங்கால் வரை வரும் நல்ல குர்தி, நேரான பேன்ட், ஜிமிக்கி போட்டுப் போகலாம். நான் போட்டது பாட்டியின் சிவப்புக்கல் ஜிமிக்கி. அன்று மூன்று வீட்டில் பேச்சு அதிலிருந்துதான் தொடங்கியது. உடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெற்காசியப் பெண்களே தொடங்கிய சோரோரிட்டிகளும் இருக்கின்றன. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1998இல் தொடங்கிய டெல்டா ஃபை ஒமேகா அதில் ஒன்று. அவர்களுடைய சேர்க்கை முறை வேறு, இந்த வரிசையும் வாசலும் அதில் வராது.

கடைசியாகப் பணம். பிரெஃபரன்ஸ் கவுனை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, இரவல் கேட்பதா? ரென்ட் த ரன்வே போன்ற வாடகைச் சேவைகளில் விலையுயர்ந்த கவுனைக் குறைந்த செலவில் போடலாம். ஆனால் ஜனவரியில் ஒரு பனிப்புயல் வந்தால் பார்சல் இரண்டு நாள் தாமதம், நமக்கோ சுற்று நாளை. அந்தப் பதற்றம் வேண்டாம் என்பேன். குட்வில் போன்ற பழைய துணிக் கடையில் முழுக்கை வைத்த அடர்நிற வெல்வெட் கவுன் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. வெல்வெட் குளிரைத் தாங்கும், மேலே கோட் போட்டுக் கழற்றினாலும் கசங்கியதாகத் தெரியாது. அதுவும் கிடைக்காவிட்டால் விடுதியில் எதிர் அறைப் பெண்ணிடம் கேட்கலாம். அமெரிக்காவில் இரவல் கேட்க நமக்குத்தான் கூச்சம் அதிகம். அவர்கள் அலமாரியையே திறந்துவிடுவார்கள். எல்லாப் பணத்தையும் கவுனில் போட்டுவிட்டுச் செருப்பில் மிச்சம் பிடிக்கிற கணக்கு மட்டும் வேண்டாம். அந்தப் பணம் முதலில் பூட்ஸுக்குப் போகட்டும்.

பதினோரு படத்தில் நான் இரண்டைத்தான் தேர்ந்தெடுத்தேன்: பச்சை வெல்வெட், நேரான கறுப்புப் பேன்ட். மற்றவற்றைக் கோடைக்கு வைத்துக்கொள் என்றேன். அவள் உடனே, "பிட் டே அன்னைக்கு என்னக்கா?" என்றாள். எந்த வீடு சேர்த்துக்கொண்டது என்று தெரிகிற நாள் அது. அன்று அழைப்பு அட்டையைப் பிரித்ததும் அந்த வீட்டு டிஷர்ட்டைக் கொடுப்பார்கள். எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டு பனியில் ஓடுவார்கள். கோட்டோடு யாரும் ஓடுவதில்லை. டிஷர்ட் அளவு கேட்டால் ஒரு சைஸ் பெரிதாகவே சொல்லிவிடு, உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டும் என்று பதில் அனுப்பினேன்.