பாதை ஏறாமல் அக்கா வீட்டுக்கு

ரொறன்ரோவில் 29 ஆண்டுகள் நகர பஸ் ஓட்டிவிட்டு இளைப்பாறினேன். அதன்பிறகு செய்யவேண்டும் என்று நானும் மனைவியும் நெடுநாளாகப் பேசிவைத்திருந்தது ஒன்றுதான். கொழும்பில் நான்கு நாள், கோயில்களில் நான்கு நாள் என்று ஓடித் திரும்பாமல், உறவினரையும் நண்பரையும் அவரவர் வீட்டு வாசலில் போய்ப் பார்க்கவேண்டும். 2025 பெப்ரவரியில் 19 நாள் அப்படிச் சுற்றினோம். கட்டுநாயக்காவிலிருந்து புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம். பிறகு வவுனியாவுக்குத் திரும்பி ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை. அங்கிருந்து கடலோரமாகவே மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி.

வாகனத்தை நான் ஓட்டவில்லை. கனடாவில் வலப்பக்கம் ஓட்டியே பழகிய கை. இலங்கையில் இடப்பக்கம். அறுபத்தைந்து வயதில் மற்றவர் உயிரை வைத்துப் பழகிப் பார்க்க எனக்கு உரிமையில்லை. சாரதியோடு வான் எடுத்தோம். முதலில் பேசிவைத்திருந்த நிறுவனம் அனுப்பிய வானின் பின்சில்லு இரண்டும் வழவழவென்று தேய்ந்திருந்தன. ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முற்பணத்தைத் திருப்பி வாங்க அரைநாள் போனது. பிறகு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் மூலம் செங்கலடிப் பையன் ஒருவன் தன் சொந்த வானோடு வந்தான். போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: நாள் வாடகைக்குள் எத்தனை கிலோமீற்றர் அடங்கும், அதற்கு மேல் ஓடினால் என்ன கணக்கு, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். சில்லின் படத்தையும் கேளுங்கள்.

படுக்கை என்றதும் வடக்கில் நாங்கள் தங்கிய ஒரு விடுதி நினைவுக்கு வருகிறது. எங்களுக்குக் குளிரூட்டிய அறை, நல்ல மெத்தை, காலையில் பிட்டும் மீன்குழம்பும் குறைவில்லாமல் கிடைத்தன. சாரதிக்கு அறை கேட்டபோது, “சாரதிமார் வழக்கமாக வானில்தான் படுப்பார்கள்” என்று சொன்னார்கள். நுளம்பு மொய்க்கிற முற்றம். கண்ணாடியைத் திறந்தால் கடி, மூடினால் புழுக்கம். மறுநாள் ஏ-9 வீதியில் நான்கு மணிநேரம் எங்களைச் சுமந்து போகவேண்டியவன் அவன். முப்பது ஆண்டுக்கு அருகாக ஆசனத்தில் இருந்து ஓட்டியவனுக்கு, நித்திரை கெட்ட மறுநாள் கண் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றிரவே பணத்தைக் கட்டிவிட்டு வெளியேறினோம். அடுத்த தெருவில் ஓர் ஆசிரியை நடத்தும் சிறிய விடுதியில் மூவருக்கும் கட்டில் கிடைத்தது. வாடகையும் குறைவு. புலம்பெயர்ந்த நாங்கள் எல்லோரும் பதிவு செய்யும்போது இந்தக் கேள்வியைக் கேட்டால் விடுதிக்காரர்கள் ஒரு சிறிய அறையாவது கட்டத்தான் செய்வார்கள். நான் இனிக் கேட்காமல் பதிவு செய்யமாட்டேன்.

திருகோணமலையில் பள்ளித் தோழன் வீட்டில் இரண்டு இரவு. இரண்டாம் நாள் மத்தியானம் மனைவிக்குச் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறியது. தோழன் 1990 என்ற இலக்கத்தை அழுத்தினான். தமிழிலேயே பேசினார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் அம்புலன்ஸ் வாசலில் நின்றது. இந்தச் சேவை 2016இல் இந்திய நிதியுதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் யாழ்ப்பாணத்தில் வைத்து நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது என்று பிறகு அறிந்தேன். ஒரு சதமும் கேட்கவில்லை. வீட்டு வாசலிலேயே இரத்தம் பார்த்து, மருந்தேற்றி, அவள் என் பெயரைச் சொல்லும் வரைக்கும் அம்புலன்ஸில் வந்த பிள்ளை அவள் கையை விடவில்லை. மாலையில் வைத்தியசாலையிலிருந்து திரும்பிவிட்டோம். அந்த இலக்கத்தை இப்போது எங்கள் இருவர் தொலைபேசியிலும் முதலாவதாக வைத்திருக்கிறேன்.

மறுநாள் தொடங்கியதுதான் நான் இந்தப் பயணத்துக்கே வந்த காரணம்: திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ-15 வீதி, ஏறக்குறைய 130 கிலோமீற்றர்.

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வழி மட்டுமல்ல. பஸ், லொறி, மாடு, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் தட்டையான மிதவைக்கும் அதுதான் பெயர். அப்பா மூதூரில் ஆசிரியராக இருந்தார். விடுமுறைக்குக் களுவாஞ்சிகுடிக்குப் போகவேண்டுமானால் வெருகலில் பாதை. மூதூரிலிருந்து மறுபக்கம், திருகோணமலைக்குப் போவதென்றால் இறால்குழி, கங்கை (மகாவலி), உப்பாறு, கிண்ணியா என்று நான்கு. ஒவ்வொரு துறையிலும் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கவேண்டும். பஸ் பலகைமேல் ஏறும்போது மிதவை ஒருபக்கம் சாயும். அம்மா எங்கள் நால்வரையும் சேலைத் தலைப்புக்குள் அணைத்துக்கொண்டு முருகனைக் கூப்பிடுவார். மாரியில் ஆறு பெருகினால் பாதை ஓடாது. ஒருமுறை வெருகல் கோயில் மண்டபத்தில் இரண்டு இரவு படுத்திருந்தோம். அக்காவுக்கு அங்கேதான் காய்ச்சல் பிடித்தது. போர் தொடங்கிய பிறகு அந்த வழியே இல்லாமல் போயிற்று. ஹபரணை, பொலன்னறுவை என்று சுற்றி 200 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டியிருந்தது.

இப்போது ஐந்து துறைக்கும் பாலம். 2009 ஒக்ரோபரில் சவூதி அரேபிய நிதியுதவியோடு திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். நடுவில் வானை மெதுவாக விடச் சொன்னேன். மற்ற நான்கும் எப்போது வந்தன, எப்போது கடந்தோம் என்றே தெரியவில்லை. கங்கையைத் தாண்டிய பிறகுதான், “தம்பி, இதுவா கங்கைத் துறை?” என்று கேட்டேன். “எந்தத் துறை ஐயா?” என்று கேட்டான் பையன். பாதையை அவன் பார்த்ததே இல்லை.

அந்தக் காலத்துப் பாதையை எண்ணி ஏங்குபவர்களும் இருக்கிறார்கள். என்னால் முடியாது. 2021 நவம்பரில் இதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாததால் ஓடிய படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். அந்தத் திருப்பத்தில் வானை நிறுத்தி இறங்கி நின்றோம்.

வீதி நன்றாக இருக்கிறது. வீதியில் போகிறவருக்கு இறங்க இடம்தான் இல்லை. மூதூருக்கும் வாழைச்சேனைக்கும் இடையில், முழங்கால் மடிக்க முடியாத ஒரு பெண் நம்பி இறங்கக்கூடிய பொது மலசலகூடம் ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை. தண்ணீர் குடிக்காமலே வந்தாள் என் மனைவி. அதுவும் முதல்நாள் மயங்கி விழுந்தவள். வாகரையில் இளநீர் விற்ற அம்மா ஒருவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தன் வீட்டுக்குள் கூட்டிப்போனார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. பாலத்துக்கு நாடுகளிடம் உதவி கேட்டது போல, வீதியோர மலசலகூடத்துக்கு எங்கள் ஊர்ச் சங்கங்களிடம் பிரதேச சபைகள் கேட்கட்டும். கோயில் கோபுரத்துக்கு அனுப்பும் காசில் ஒரு பங்கை நான் இதற்குத் தரத் தயார். கட்டினால் மட்டும் போதாது, துப்புரவு செய்பவருக்கு மாதச் சம்பளமும் போகவேண்டும்.

ஓட்டமாவடியில் எருமைத் தயிர் முட்டி இரண்டு வாங்கிக்கொண்டு, கல்லடியில் 1924ஆம் ஆண்டு இரும்புப் பாலத்துக்குப் பக்கத்துப் புதிய பாலத்தால் கடந்து, நான்கு மணிக்கு அக்கா வீட்டில் நின்றோம். அக்காவுக்கு எழுபத்தாறு. என்னைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை பாதை ஏறினாய்?”

“ஒன்றும் இல்லை அக்கா.”

அவர் நம்பவில்லை. விரலை மடித்து ஒவ்வொரு துறையாகப் பெயர் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் பாலம், பாலம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போக முன்பு மண்முனைத்துறையிலும் பாதைதான். அங்கே 2014இல் ஜப்பான் உதவியோடு பாலம் வந்துவிட்டது. அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. வானின் முன்ஆசனத்தில் சாரதிக்குப் பக்கத்தில் இருந்தார். பாலம் ஏறியதும் கண்ணாடியை இறக்கச் சொன்னார். சேலைத் தலைப்பைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி வாவியையே பார்த்துக்கொண்டு வந்தவர், மறுகரை மண்ணைக் கண்டதும் பையனின் பக்கம் திரும்பி, “இவ்வளவுதானா தம்பி?” என்று கேட்டார்.