ஆடுகிற சைடு ஸ்டாண்டும் ஏழு வருட வண்டியும்

2025 செப்டம்பரில் சித்தி பையன் போன் பண்ணினான். "அண்ணே, ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சுல்ல, உன் வண்டி மாடலையே புதுசா எடுத்துடலாம்னு பார்க்கிறேன். எப்படி இருக்கு?" 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது 22-ஆம் தேதி. அவன் கேட்டது அந்த வாரம். வேறு எந்த வாரம் கேட்டிருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு எடுடா என்றிருப்பேன். அன்று காலையில்தான் வண்டி தெருவில் சாய்ந்து, பக்கத்து வீட்டு ஸ்கூட்டரின் கண்ணாடியை உடைத்திருந்தது. "வேணாம்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்லாத காரணம்தான் இது.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுகிறேன். 2018-ல் வாங்கிய 125 சிசி வண்டி. 71,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. இன்றைக்கும் லிட்டருக்கு 55 கொடுக்கிறது. இன்ஜினை ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகருக்கு தினமும் காவிரிப் பாலம் ஏறி இறங்குகிறேன், ஒரு நாள்கூட வழியில் நிறுத்தியதில்லை. அதாவது, ஓடும்போது நிறுத்தியதில்லை. நிறுத்தின பிறகு நிற்குமா என்பதுதான் பிரச்சினை.

ஆட்டம் ஆரம்பித்தது இரண்டாவது வருடத்தில். வேகத்தடை ஏறும்போதெல்லாம் காலடியில் 'டக் டக்' என்று ஒரு சத்தம். செயின் கவர் என்று நினைத்தேன். குனிந்து பிடித்துப் பார்த்தால் ஸ்டாண்டு பால்பல் மாதிரி ஆடுகிறது. அப்புறம் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஜாப் கார்டில் 'சைடு ஸ்டாண்டு ஆட்டம்' என்று எழுதிக்கொடுப்பேன், ஒவ்வொரு தடவையும் 'சரி செய்யப்பட்டது' என்று டிக் அடித்துக் கொடுப்பார்கள். செய்தது என்ன? நட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்கியது. முறுக்கினால் ஸ்டாண்டு இறுகிப்போய் ஸ்பிரிங் இழுத்தாலும் மேலே ஏறாது. ஸ்டாண்டு பாதி தொங்க, இடது பக்கம் திரும்பும்போது தரையில் உரசினால் ஆளையே தூக்கிப்போடும். என்னுடையது பிஎஸ்6 புகை விதிக்கு முந்தைய வண்டி. ஸ்டாண்டு கீழே இருந்தால் இன்ஜினை அணைக்கிற சுவிட்ச் எல்லாம் கிடையாது. ஒரு வாரத்தில் நட்டு தானாகத் தளர்ந்து பழையபடி ஆடும். நிம்மதியாகக்கூட இருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. ஸ்டாண்டைத் தாங்குவது ஒரே ஒரு போல்ட்டு. அந்த இடத்தில் பிடிமானத்தின் அகலம் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஸ்டாண்டு நீளம் 25 சென்டிமீட்டர் என்று வையுங்கள். மேலே அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் கீழே ஒன்றேகால் சென்டிமீட்டர் ஆடும். அரை மில்லிமீட்டர் என்பது தேய்மானமா, அலட்சியமா? ஓட்டைக்குள் ஒரு புஷ், அதாவது தேய்மானத்தைத் தாங்கும் உலோக வளையம், வைத்துக் கொடுத்திருந்தால் கம்பெனிக்கு என்ன குறைந்துபோகும் என்று ஒவ்வொரு தடவை குனியும்போதும் கேட்பேன். "டபுள் ஸ்டாண்டு போட்டுத் தொலையேன்" என்பார் அப்பா. ஆபீஸ் வாசலில் இரண்டு வண்டிக்கு நடுவில் ஒருச்சாய்த்து நுழைக்கிற இடத்தில் எங்கே நின்று மிதிப்பது?

2022-ல் நானே போல்ட்டும் ஸ்பிரிங்கும் வாங்கிவந்து மாற்றினேன். போல்ட்டு ஏறிவிட்டது. ஸ்பிரிங்தான் உயிரை வாங்கியது. கட்டிங் பிளேயரால் இழுத்தால் நழுவி விரல் முட்டியில் அடிக்கும். மூன்றாவது அடிக்கு அப்புறம் அப்பா எழுந்து போய், ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்த நாலணாக்களைக் கொண்டுவந்தார். 2011-ல் செல்லாமல் போனவை. ஸ்பிரிங்கை ஒரு பக்கமாக வளைத்து, விரிகிற ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு நாலணாவைச் செருகினார். மறுபக்கம் வளைத்து அங்கேயும். ஸ்பிரிங் நீண்டு நின்றது, கையாலேயே கொக்கியில் மாட்டினோம். ஸ்டாண்டைக் கீழே தள்ளியதும் இடுக்குகள் விரிந்து காசெல்லாம் 'கலகல'வென்று வாசலில் கொட்டியது. வண்டி எனக்குக் கொடுத்த சந்தோஷங்களில் அதுவும் ஒன்று, மறைக்கவில்லை.

ஆனால் ஆட்டம் போகவில்லை. புது போல்ட்டு, பழைய ஓட்டை.

அடுத்த வருடம் ஒரு வெல்டிங் பட்டறையில் 'அடியில ஒரு துண்டு வெச்சா சரியாயிடும் சார்' என்று சொல்லி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டாண்டு காலில் ஒரு இரும்புப் பட்டையை ஒட்டிக் கொடுத்தார்கள். சாய்வு குறைந்தது, உண்மைதான். ரொம்பவே குறைந்தது. வண்டி அட்டென்ஷனில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி நின்றது. சாயங்காலம் யாரோ பையால் இடித்துவிட்டுப் போக, இந்தத் தடவை வலது பக்கம் விழுந்தது. சைலன்சரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. பட்டையை அறுத்து எடுத்தேன். அன்றிலிருந்து டேங்க் கவரில் உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைப் போட்டு வைத்திருப்பேன். மே மாத மதியத்தில் தார் இளகினால் அதன்மேல்தான் ஸ்டாண்டு. ஆபீஸில் எனக்கு 'கொத்தனார்' என்று பெயர் வந்தது அப்படித்தான்.

செப்டம்பரில் விழுந்தது ராத்திரி பெய்த மழையால். மண் இளகி, ஸ்டாண்டு உள்ளே இறங்கி, ஏற்கெனவே சாய்ந்து நின்ற வண்டி படுத்துவிட்டது. கண்ணாடிக்குக் காசு கொடுத்துவிட்டு நேராக பாலக்கரைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பெரியவர் ஒருத்தர். போல்ட்டை உருவி, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுச் சுற்றினார். "முட்டையா ஆயிருச்சு தம்பி. வட்டமா இல்லாத ஓட்டைல எந்த போல்ட்டு போட்டாலும் ஆடத்தான் செய்யும்." ஸ்டாண்டைக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி வட்டமாகக் கடைந்து, கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் ஒரு புஷ் செய்து அடித்து இறக்கினார். கிரீஸ் தடவி, போல்ட்டை இறுகுகிற வரை முறுக்கி, அரைக்கால் சுற்று பின்வாங்கி, போல்ட்டு அசையாமல் ஸ்பானரில் பிடித்துக்கொண்டு பின்னால் நட்டைப் பூட்டினார். ஐந்து வருடமாக ஜாப் கார்டில் எழுதிக்கொடுத்த வேலை. 350 ரூபாய்.

வண்டி வெளியே வந்ததும் ஸ்டாண்டு போட்டு, பழக்கதோஷத்தில் மேலே ஏறி உட்கார்ந்து போனை எடுத்தேன். பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தினமும் இப்படித்தானா?"

"ஆமாங்க."

"ஸ்டாண்டு வண்டி நிக்கிறதுக்கு. நீங்க உக்காந்து பேசுறதுக்கில்ல."

எழுபது கிலோ ஆள், ஏழு வருடம், நாளைக்கு அரை மணி நேரம். அதற்கும் கணக்கு போடலாம், போடவில்லை. அவர் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த ஊரில் யார்தான் உட்காரவில்லை? உட்காருவார்கள் என்று தெரிந்துதானே செய்ய வேண்டும்?

இப்போது ஸ்டாண்டு 'டக்'கென்று ஒரே சத்தத்தில் மேலே ஏறி ஒட்டுகிறது. சும்மாவே இரண்டு தடவை போட்டு எடுக்கிறேன், அவ்வளவு நன்றாக இருக்கிறது. வண்டி இன்னும் ஏழு வருடம் ஓடும். வாங்கலாமா என்று கேட்டால், இன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கோபம் இன்னும் இறங்கவில்லை.

சித்தி பையன் நான் சொன்னதைக் கேட்கவில்லை. தீபாவளிக்கு அதே வண்டியைப் புதுசாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மாலை வாடாமல் இருந்தது. எல்லோரும் கலரைப் பார்த்தார்கள், நான் குனிந்து ஸ்டாண்டைப் பிடித்து ஆட்டினேன். துளி ஆட்டம் இல்லை.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லடா. முதல்ல வண்டியை விட்டு இறங்கு."