பனிக்கட்டிக் கிடங்கு: செங்கல் கிணறா, மரத்தூள் கொட்டகையா?

குளிர்காலத்தில் சேர்த்த பனிக்கட்டியைக் கோடைவரை உருகாமல் காக்க, இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகளில் இருந்தது செங்கல் கிணறு: முட்டை வடிவக் குழி, மேலே குவிமாடம், அதன்மேல் மண்மேடு, நுழையும் நடையில் இரண்டு மூன்று கதவுகள். அங்கே குளத்துப் பனி பெரும்பாலும் மெல்லியது, பாளமாக வெட்ட வராது. உடைத்து இடித்து, ஒரே கட்டியாக இறுகும்வரை திணித்து, சுற்றிலும் வைக்கோல் போட்டார்கள். எடுக்கும்போது கொத்தித்தான் எடுக்க வேண்டும்.

கிணறு கெடுவது பெரும்பாலும் வடிகாலால். உருகிய நீர் தேங்கினால் அடிப்பனி விரைவில் கரையும். குழாயைத் திறந்தே விட்டாலோ குளிர்காற்று கீழே வழிந்தோடி, வெப்பக்காற்று மேலே புகும். நீர் நிற்கும் வளைவு வைத்த குழாய்தான் வழி. ஈர வைக்கோல் அழுகிச் சூடேறும்; அதையும் மாற்ற வேண்டும்.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கொட்டகை தரைக்கு மேலே நிற்பது. இரட்டை மரச்சுவர், நடுவே மரத்தூள். நத்தானியல் வையத் 1825 வாக்கில் குதிரை இழுக்கும் பனிவெட்டியை உருவாக்கிய பின் ஒரே அளவுப் பாளங்கள் கிடைத்தன. நெருக்கி அடுக்கினால் காற்றுபடும் பரப்பு குறையும். உடைத்த பனிக்கு இந்த வசதி இல்லை. அறுப்பு ஆலைக் கழிவான தூளுக்குச் செலவும் சொற்பம். அமெரிக்கப் பனிக்கட்டி வணிகர் ஃபிரெடரிக் டியூடரின் பனி சென்னை ஐஸ் ஹவுஸ் வரை வந்ததில் இந்தத் தூளுக்கும் பங்குண்டு.

தடித்த பனியும் மரமும் கிடைக்கும் இடத்தில் கொட்டகையே மேல். ஆனால் மரம் உளுத்துப்போகும், தூள் அமுங்கி இடைவெளி விடும். அவ்வப்போது நிரப்ப வேண்டும். கூரையடியில் காற்றுப்போக்கு இல்லையென்றால் வெப்பம் அங்கேயே தேங்கி மேலடுக்கைத் தின்றுவிடும்.